உள்ளே அவர், வெளியே நான், நடுவே கிரில்

போன புதன்கிழமை டியூஷனில் ஒரு மாணவி என்னை மடக்கினாள். "டீச்சர், இம்பாஸபல், இம்பெனிட்ரபல், இம்ப்ரெக்னபல்... எல்லாமே உள்ள போக முடியாததுதானே? அப்புறம் எதுக்கு மூணு வார்த்தை? ஒண்ணு போதாதா லா?"

விடுவேனா? இருபத்தாறு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாயாயிற்றே!

வெள்ளம் ஏறிய சாலை இம்பாஸபல், அதைக் கடக்க முடியாது. புலாவ் செபாங் பக்கம் கவனிப்பாரில்லாமல் புதர் மண்டிப்போன ரப்பர் காடு இம்பெனிட்ரபல், உள்ளே புகவே முடியாது. எதிரி எத்தனை முட்டினாலும் விழாத கோட்டை இம்ப்ரெக்னபல். "உதாரணம் வேணுமா? அதோ, எங்க வீட்டு கிரில்!" என்று வாசலைக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பெருமையாகத்தான் சொன்னேன்.

டுரியான் துங்காலில் எங்களுடையது வரிசை வீடு. போன வருஷம் பின்தெருவில் ஒருவன் ஜன்னல் வழியாகக் கம்பை விட்டு, மேசைமேல் கிடந்த சாவியைத் தூக்கிவிட்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. வெல்டரைக் கூப்பிட்டேன். முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் தடித்த கம்பி, ஜன்னலுக்கெல்லாம் கம்பி. பூட்டு உள்பக்கம், வெளியிலிருந்து கை எட்டாதபடி அதன்மேல் இரும்புத் தகடு. நான் வெளியே போனால் வீட்டுக்காரர் பூட்டிவிட்டுச் சாவியை அடுப்படியில் மாட்ட வேண்டும். இது என் சட்டம்.

சனிக்கிழமை காலை பசாருக்குப் போனேன். அவருக்குச் சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொண்டு, பசியாற நான் வாங்கி வரும் தோசைக்காகக் காத்திருப்பார். நானோ மீன்கடையில் பழைய தோழி ஒருத்தியைப் பார்த்துவிட்டேன். அவள் மகள் கல்யாணம், மண்டபம், சமையல்காரர்... பேச்சு சுவாரஸ்யத்தில் நேரம் போனதே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

"என்னங்க! கதவைத் திறங்க!"

என்னைப் பார்த்தார். யாரோ தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்த மனிதர். ஐந்தடி தூரம். அவர் உதடு நடுங்குவது தெரிகிறது. கம்பிக்குள் கையை விட்டேன், தோள்பட்டைவரை விட்டேன், எட்டவில்லை. பின்வாசலுக்கு ஓடினேன். அங்கேயும் அதே கம்பி, அதே தகடு. தீயணைப்பு நிலையத்துக்கு, அதான் பொம்பாவுக்கு, போன் செய்தேன். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். அது வருவதற்குள்? "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று தெருவில் நின்று கத்தினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் எங்கே போனதோ?

பக்கத்து வீட்டுப் பெண் நைட்டியோடு ஓடிவந்தார். எட்டிப் பார்த்தார். அழவுமில்லை, பதறவுமில்லை.

"இனிப்பு எதாச்சும் இருக்கா டீச்சர்? சர்க்கரை இறங்கிப்போனா எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் வரும்."

என் கையில் எனக்கென்று வாங்கிய தே ஓ ஐஸ், சீனி தூக்கலாகப் போட்ட பாலில்லாத ஐஸ் டீ, பிளாஸ்டிக் பையில் ஸ்ட்ராவோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிடுங்கி, கனம் குறையப் பாதியைக் கீழே ஊற்றினார். தன் வீட்டிலிருந்து மாங்காய் பறிக்கிற கம்பை எடுத்துவந்து, நுனியில் பையை இறுகக் கட்டி, ஜன்னல் கம்பி வழியே உள்ளே நீட்டினார். அந்தத் திருடன் செய்த அதே வேலை!

"ண்ணே! இந்தாங்க, குடிங்க! பிடிங்கண்ணே!"

நான் வீட்டுக்காரருக்குத் தடை போட்டிருக்கும் தே. பையைக் கண்டதும் கை தானாக நீண்டது. இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை ஸ்ட்ராவைப் பிடித்தார்.

"மெதுவா... முழுங்குறாரா பாருங்க டீச்சர்."

முழுங்கினார். நான் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷமா, பதினைந்தா, தெரியாது. மெல்ல நிமிர்ந்து என் பெயரைச் சொன்னார். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அவரே சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சாவி எடுத்து வந்து திறந்தார். பின்னாலேயே பொம்பா வண்டியும் வந்தது. கிளினிக்குக்கும் போய்வந்தோம். இப்போது நன்றாக இருக்கிறார்.

அந்த மாணவிக்கு நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். உள்ளே இருந்தபோது என் கிரில் இம்ப்ரெக்னபல். வெளியே நின்றபோது அதே கிரில் இம்பெனிட்ரபல். கம்பி மாறவில்லை, நான் நின்ற பக்கம்தான் மாறியது.

அன்று சாயங்காலமே வெல்டரை வரவழைத்துத் தகட்டைக் கழற்றினேன். மாற்றுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து வருஷமாகப் பக்கத்து வீடு. காலையில் ஃபேக்டரி பஸ்ஸுக்குப் போகும்போது அவர் சிரிப்பார். நான் கம்பிக்கு உள்ளேயிருந்து தலையாட்டுவேன்.

சாவியை வாங்கிக்கொண்டு, "அண்ணன் கேட்டா என்கிட்ட இருக்குன்னு என் பேரைச் சொல்லி வச்சிருங்க டீச்சர்" என்றார்.

வழக்கம்போலத் தலையாட்டினேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது.