கொங்கிரீட் ரோட்டில் மிளகு

இலங்கையில் தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போகிறேன். பள்ளத்திலும் சேற்றிலும் குலுங்கி வந்த ஆட்டோவுக்கு முன்னால் திடீரென்று வெள்ளை வெளேரென்று கொங்கிரீட் ரோடு. நூறடி நீளம் இருக்கும். அப்பாடா என்று நிமிர்ந்து உட்காருகிறேன். டிரைவர் செல்வமோ வண்டியை ஓரத்துச் சேற்றில் இறக்குகிறார்.

"ஏங்க, ரோடுதான் இருக்கே?"

"மிளகு காயுதுங்க சார்."

நுனி மட்டும்தான் வெள்ளை, அதைத் தாண்டி ரோடு முழுக்க மிளகு. ஒரு அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலாலேயே கிளறிவிடுகிறார். எங்கள் சக்கரம் சேற்றில் புதைந்ததும், பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அருகே வருகிறார்.

"இந்தத் துண்டு மட்டும்தாங்க பிரதேச சபைக்குச் சொந்தம். கீழயும் மேலயும் தோட்டத்து நிலம். அதுல சபை கை வைக்க முடியாதாம். அதனால இதை மட்டும் போட்டுக் குடுத்தாங்க."

"அதுக்கப்புறம் நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டோமே! திடீர்னு மழை வந்தா மிளகு நனையுது, ஒரு தகரக் கூரை போட்டுத் தாங்கன்னு மனு குடுத்தோம். போன கூட்டத்துல தீர்மானம் பாஸாயிருச்சு."

"ரோட்டுக்குக் கூரையா?"

"சபையில யாருமே அப்படிக் கேக்கலைங்க."

வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த செல்வம் நிமிர்கிறார். "அக்கா, தூண் எங்க நடுவாங்க?"

"புது கொங்கிரீட்டை உடைப்பாங்களா? இந்த ஓரத்துலதான்" என்று நாங்கள் நிற்கும் சேற்றைக் காட்டுகிறார்.

"அப்ப நான் எதுல போறது?"

அக்கா மிளகைப் பார்க்கிறார். ஆட்டோவைப் பார்க்கிறார்.

"மிளகு இல்லாத மாசமாப் பாத்து வாங்க தம்பி."