கும்பிட்ட வெளிச்சம்

எங்கள் சங்ககிரிப் பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியார் ஒல்லி. சட்டைப்பை மட்டும் எப்போதும் புடைத்திருக்கும்; உள்ளே முப்பட்டைக் கண்ணாடி. அரிக்கேன் விளக்கோ நட்சத்திரமோ, எந்த வெளிச்சத்தையும் அதன் வழியே நிறம் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்.

ஒரு கார்த்திகையில், விடியுமுன் மலைக்கோட்டைக்கு மேலே ஒரு வெளிச்சம் தெரிந்தது. தீபமென்று ஊரே கும்பிட்டது; கண்ணாடியை எடுக்காமல் அவரும்தான். தீபம் அணைந்த பிறகும் அது எரிந்தது. புதிதாக வெடித்த நட்சத்திரம் என்று அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது.

"இன்னும் எரியுதுங்களே, இப்பப் பாத்தா ஆகாதுங்களா?" என்றேன்.

"வெடிச்ச மொத நாள் வெளிச்சத்தைக் கண்ணாடியில பிரிச்சாத் தெரியற நிறக்கோடு வேறைங்க. அது மாறிப்போச்சு. இனி யாரு காட்டுவாங்க?"

அதன்பின் கோயிலில் கற்பூரம் காட்டும்போதுகூட அவர் கைகூப்பி நான் பார்த்ததில்லை. கண்ணாடியைத்தான் எடுப்பார்.