நீல நாக்கு

அப்பாவோடு நடக்கையில், வெயிலில் ஊசியிலை ஃபர் மரங்களின் பிசின் மணந்ததும் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

அன்றும் கலிஃபோர்னியாவில் நாங்கள் குடியிருந்த சன்னிவேலிலிருந்து இதே மலைக்காட்டுக்குத்தான் வந்திருந்தோம். மரங்களுக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு, குட்டிக் கருநீலப் பழங்களோடு ஹக்கிள்பெர்ரிப் புதர்கள். அம்மா நெல்லிக்காய் தின்பதுபோல அந்தப் பழங்களை உப்பு, மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றுகொண்டே இருந்தாள்.

திடீரென்று அப்பா அலறினார். "ஐயோ, உன் நாக்கு நீலமாயிடுச்சு! விஷம்டி!"

ஓடிப்போய் ஒரு வனத்துறை ரேஞ்சரைக் கையோடு கூட்டிவந்தார். ரேஞ்சர் அம்மாவின் நாக்கைப் பார்த்துவிட்டுத் தன் நாக்கை நீட்டினார். அதுவும் நீலம். அம்மா அவரிடம் மிளகாய்ப்பொடியை நீட்டினாள்.

அப்பா மட்டும் அன்று ஒரு பழம்கூடத் தொடவில்லை.

இன்று திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்துப் புதர்ப்பக்கமிருந்து வந்தார்.

"எங்கப்பா போனீங்க?"

"சும்மா, மரம் பாத்துட்டிருந்தேன்."

"நாக்கை நீட்டுங்க."

வாயை இறுக மூடிக்கொண்டார்.