மாத்திரைக் கணக்கில் வராத மாத்திரை

2002-ஆம் ஆண்டு. பெங்களூரு ஈஜிபுராவில் அண்ணன் வீட்டில் தங்கி, கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை.

வீடு என்றால் ஒரே அறைதான். மாதத்தில் அந்த மூன்று நாளும் அண்ணியோ நானோ கதவோரம் தனிப் பாயில் படுப்போம். அதனால் யாருக்கு எப்போது என்பது வீட்டுக்கே தெரியும். தொடர்ந்து மூன்று மாதம் நான் அந்தப் பாயை விரிக்கவில்லை. முதல் மாதம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டாமே. மூன்றாம் மாதம் அண்ணி கேட்டேவிட்டார்.

"ஏம்மா, எங்கிட்ட மறைக்காத. யாருன்னு மட்டும் சொல்லிடு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாரும் இல்லை என்று சொல்லச் சொல்ல, நான் யாரையோ காப்பாற்றுகிறேன் என்றுதான் அவர் நினைத்தார். அண்ணன் என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். வேலையை விடச் சொல்லி, சொந்த ஊரான தர்மபுரிக்குக் கூட்டிப்போய், கிடைக்கிற மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்துவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். ஒரே அறை வீட்டில் அது எனக்குக் கேட்காமலா இருக்கும்? அழுகை வந்தது. ஆனால் தப்பு செய்யாதவள் ஏன் மூட்டை கட்ட வேண்டும் என்ற வீம்பு அதைவிடப் பெரிதாக வந்தது.

"டாக்டர்கிட்ட போலாம் அண்ணி. நீங்களே கூட வாங்க. அவங்க சொல்றத உங்க காதாலயே கேளுங்க. அதுக்கு முன்னாடி நான் ஊருக்குப் போறதா இல்ல" என்றேன்.

லீவு போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். ஜெயித்தாயிற்று என்று நான் எழுந்துவிட்டேன்.

கன்னடம் கலந்த தமிழ் பேசிய அந்த டாக்டரம்மா என்னை மறுபடி உட்காரவைத்தார். "கர்ப்பம் இல்லன்னா சும்மா விட்டுடலாமா? தைராய்டு இருக்கலாம், உடம்பு ரொம்ப இளைச்சிருக்கலாம், கவலை, சினைப்பை கோளாறு, எவ்ளோ காரணம் இருக்கு. ஹெதர்பேடம்மா, பயப்படாத, பார்த்துடலாம்."

ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் போனபோது, தாய்ப்பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் எனக்கு அதிகமாக இருப்பதாகச் சொன்னார். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டார். எதுவும் இல்லை என்றேன், அடித்துச் சொன்னேன். அப்படியானால், அந்த ஹார்மோனைச் சுரக்கிற மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று தலையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்றார்.

அப்போது அண்ணி மெதுவாக, "ஏம்மா, வயித்துக்குப் போடுறியே, அது?" என்றார்.

காலையில் சாப்பிடாமல் ஓடுவதால் எனக்கு எப்போதும் நெஞ்செரிச்சல், குமட்டல். எங்கள் தையல் லைனில் பாதிப் பேருக்கு அப்படித்தான். தையல் மெஷின் டிராயரில் பாபின்களோடு ஒரு மாத்திரை அட்டையும் கிடக்கும். ஒருத்தி அட்டையில் இன்னொருத்தி எடுத்துப் போட்டுக்கொள்வோம். தினம் மூன்று வீதம் ஐந்து மாதமாக விழுங்கியிருக்கிறேன். எனக்கு அது இஞ்சி மிட்டாய் மாதிரி, மாத்திரைக் கணக்கிலேயே வரவில்லை.

பையில் இருந்த அட்டையை நீட்டினேன். டாக்டரம்மா பார்த்ததும் முகம் மாறிவிட்டது. குமட்டலுக்கான அந்த மாத்திரையே அந்த ஹார்மோனை ஏற்றி, மாதவிலக்கை நிறுத்தக்கூடும் என்றார். முதலில் அதை நிறுத்தி, மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு ஸ்கேனைப் பற்றி யோசிக்கலாம் என்றார். காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போகக் கூடாது என்று அண்ணியிடமும் கண்டிப்பாகச் சொன்னார்.

ஹார்மோன் அளவு இறங்கியது. ஸ்கேன் தேவைப்படவில்லை. ஒன்றரை மாதம் கழித்து நான் கதவோரம் பாயை விரித்தேன். அண்ணி வந்து அந்தப் பாயை இழுத்துத் தன் பாயோடு சேர்த்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கதவோரம் படுத்ததில்லை.

இப்போது பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் நானே ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். நாள் தள்ளிப்போகிறது என்று எந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாலும், 'யாருன்னு சொல்லு' என்று நான் கேட்பதில்லை. மெஷின் டிராயரைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டு, டாக்டரிடம் போக அவளுக்கு லீவு எழுதித் தருகிறேன்.