லுணுகலை வீதியில் கொழுந்துச் சம்பல் தேடிப் போன கதை

என்னோடு வேலை செய்யும் சசிகுமாருக்கு ஊர் பசறைப் பக்கம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் மட்டக்களப்பு நண்டுக் கறியைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, பச்சைத் தேயிலையில போட்ட சம்பல் சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டான். தேயிலையைக் குடித்திருக்கிறேன், கடித்ததில்லை. எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். சாப்பாட்டு விஷயத்தில் என்னைப் பார்த்து யாரும் சிரித்தால் எனக்குத் தூக்கம் வராது. அடுத்த கிழமையே வெள்ளி ஒரு நாள் லீவு போட்டேன்.

செலவு ஐயாயிரத்தைத் தாண்டக் கூடாது என்பது வீட்டில் போட்ட நிபந்தனை. ஆகவே வேன் இல்லை, குளிரூட்டிய பஸ் இல்லை. மட்டக்களப்பிலிருந்து காலை ஐந்தரைக்குப் புறப்படும் சாதாரண பதுளை பஸ்தான். நான் போன அன்று 580 ரூபாய். செங்கலடி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று போய், பத்தே முக்காலுக்குப் பதுளையில் இறக்கிவிட்டது. வலப்பக்க ஜன்னலோர ஆசனம் கிடைத்தால் விடாதீர்கள். நான் பிடித்தும் பயனில்லை. பிபிலை தாண்டியதும் தூங்கிவிட்டேன்.

பெரிய ஊரில் எல்லாம் கிடைக்கும் என்ற என் கணக்கு பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பிழைத்தது. முதல் கடையில் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டாவது கடையில் மிளகாய் இடித்த கட்டாச் சம்பல் தந்தார்கள். மூன்றாவது கடை முதலாளி மட்டும் நான் கேட்டதை விளங்கிக்கொண்டார். அதனால் இன்னும் கூடுதலாகச் சிரித்தார்.

"கொழுந்துச் சம்பலா? அது மலையில தேத்தண்ணி நேரத்துல பொம்பளைங்க போட்டுச் சாப்பிடறதுங்க. கடையில போட்டா யாருங்க காசு கொடுப்பா?"

"நான் கொடுப்பன்."

"உங்க ஒருத்தருக்காகக் கடை நடத்த முடியுமாங்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், என் முகம் சுருங்கியதைப் பார்த்தோ என்னவோ திரும்பி வந்தார். லுணுகலை வீதியில் சாந்தி என்று ஒருவர் ரொட்டிக் கடை வைத்திருக்கிறாராம், அங்கே கேட்டுப் பார்க்கச் சொன்னார். அதாவது காலையில் நான் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு வந்த அதே வீதி. அன்று இரவு சந்தைக்குப் பின்னால் 2,200 ரூபாய் அறையில் தங்கினேன். வெந்நீர் வரும் என்றார்கள். வரவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லுணுகலை பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் சாந்தியின் கடையில் இறங்க வேண்டும் என்றேன். "லுணுகலைக்கு மூணு கிலோமீட்டர் இருக்கறப்பவே வந்துரும். சொல்றேன், தூங்கிறாதீங்க" என்றார். என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போலும். 150 ரூபாய். பசறை தாண்டியதும் பஸ் முக்கி முனகி ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் வேறு ஒரு மலை, எல்லா மலையிலும் தேயிலை. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னதாக இறக்கிவிட்டார்கள்.

வீதியோரத்தில் தகரக் கூரை போட்ட சிறிய கடை. பின்னால் ஓரறை வீடு. சாந்திக்கு முப்பத்தைந்து, நாற்பது வயதிருக்கும். தோசைக்கல்லில் கனத்த தேங்காய் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. வாசனைக்கே இரண்டு ரொட்டி கேட்டுவிட்டேன். பிறகு மெதுவாகக் கொழுந்துச் சம்பல் இருக்கிறதா என்றேன். அவர் கை நின்றுவிட்டது.

"யாரு சொல்லி வந்தீங்க?"

"பதுளையில ஒரு கடைக்காரர்."

"தோட்டத்து ஆபீஸ்ல இருந்து வரலீங்களே?"

நான் மட்டக்களப்பு, இதைத் தின்னவே இரண்டு பஸ் ஏறி வந்திருக்கிறேன் என்றேன். நம்பவில்லை. சசிகுமாரின் நம்பருக்கு எடுத்துப் பேசக் கொடுத்தேன். அவன் என்ன சொன்னானோ, சாந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போன் திரும்பி வந்தபோது ஒரு சின்னச் சுளகும் கூடவே வந்தது.

"சம்பல் வேணும்னா நீங்களேதான் கொழுந்து கிள்ளணும். பின்னாடி வேலியோரம் நம்ம செடி இருக்கு. ரெண்டு இலையும் குருத்தும். ஒரு கைப்பிடி போதும்."

வாடிக்கையாளரைக் கிள்ளவிடும் கடையை நான் எங்கும் கண்டதில்லை. சந்தோஷமாகப் போனேன். முட்டளவு உயரத்தில் ஒன்பது பத்துச் செடிகள். பக்கத்தில் ஒற்றைக் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கமும் தேயிலைதான், மலை உச்சி வரைக்கும். கம்பி ஆட்டுக்காகக் கட்டியது என்று நினைத்தேன். இந்தப் பக்கத்துச் செடிகளில் கொழுந்து ஒன்றிரண்டாகத்தான் இருந்தது. அந்தப் பக்கமோ பளபளவென்று தளிர் மண்டிக் கிடந்தது. கையை நீட்டி அங்கேயும் பறித்தேன். சுளகு நிறைந்துவிட்டது. கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சாந்தி பாதியைக் கழித்து எறிந்தார். "இது முத்தல். இது மாட்டுக்குப் போடலாம்." மிச்சத்தை நூல் மாதிரி அரிந்தார். உப்புப் போட்டுப் பிசைந்து சாற்றைப் பிழிந்து ஊற்றினார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப் பூ, வறுத்த நெத்தலி, கடைசியாகத் தேசிக்காய், அதாவது எலுமிச்சைப் புளி. அரிந்துகொண்டே கதை சொன்னார். பதினாறு வருஷம் மலையில் கொழுந்து எடுத்தவர். வீடு கட்டக் காணித்துண்டு கிடைத்ததும், எல்லாரும் போஞ்சியும் கரட்டும் போட, இவர் தேயிலைக் கன்று நட்டாராம்.

"லயத்துல இருந்த சனமே சிரிச்சுச்சுங்க. பொறந்ததுல இருந்து தேயிலையப் பார்த்து அலுக்கலையா, வீட்டுலயும் அதுதானான்னு."

"ஏன் நட்டீங்க?"

"சம்பல் விக்கணும்னுதான். மலையில இருக்கறப்ப ஒரு கைப்பிடி கிள்ளிச் சாப்பிட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதையே ரோட்டுக்குக் கொண்டுவந்தா களவு. தோட்டத்துக் கொழுந்துல்ல? அதான் எந்தக் கடையிலயும் இல்ல. என்கிட்ட சொந்தச் செடி இருக்கு, நான் விக்கலாம்ல?"

ஒரு கிழமையாக என்னைக் குடைந்த கேள்விக்கு ஒரு வழியாகப் பதில் கிடைத்தது. ஆனால் அதை ரசிக்க முடியவில்லை. அடுத்ததை உடனே சொல்லிவிட்டார். போன மாதம் யாரோ, சாந்தி தோட்டத்துக் கொழுந்தை விற்கிறாள் என்று ஆபீஸில் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அவருடைய கணவருக்கு அதே தோட்டத்துப் பெக்டரியில்தான் வேலை. இன்னொரு பேச்சு வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

"அதுக்குத்தான் சாப்பிட வர்றவங்களையே கிள்ளச் சொல்றது. யாராச்சும் கேட்டா நீங்களே சொல்லலாமுல்ல, எந்தச் செடின்னு."

கம்பி ஆட்டுக்கல்ல, தோட்டத்து எல்லைக்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட அது விளங்கியிருக்கும், அதனால்தான் அவர் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் அதில் ரொட்டியை வைக்காத குறையாகத் தட்டை நீட்டினார். அடடா, என்ன ருசி! முதலில் மெல்லிய துவர்ப்பு, பிறகு புளி, பிறகு நெத்தலியின் உப்பு, விழுங்கிய பின் நாக்கில் பச்சைத் தேயிலையின் மணம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். குற்ற உணர்ச்சியோடேயே ஒரு ரொட்டியை முடித்துவிட்டேன்.

அப்போது தோட்டத்து வாச்சர் தேத்தண்ணிக்கு வந்தார். காக்கிச் சட்டை, கையில் தடி. என் தட்டில் பச்சையைப் பார்த்ததும் உட்காரப் போனவர் நின்றார்.

"சாந்தி, இது எந்த மலைக் கொழுந்து?"

"அவர்கிட்டயே கேளுங்கண்ணே. அவருதான் கிள்ளினாரு." சாந்தியின் குரலில் துளி பயமில்லை. என்னை அவ்வளவு நம்பியிருந்தார்.

"இவங்கட வளவுக்குள்ள" என்று சொல்லிவிட்டால் பிரச்சினை முடிந்தது, ஆனால் அது பாதிப் பொய். வாச்சருக்கு என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கியிருக்க வேண்டும், வீட்டுக்குப் பின்னால் நடந்தார். நானும் ஓடினேன். "அண்ணே, பாதி இங்கால, பாதி அங்கால. கம்பிய நான் கவனிக்கல்ல. அவங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்று கொட்டித் தீர்த்தேன். பின்னால் வந்த சாந்தியின் முகத்தில் இரத்தமே இல்லை. அவரைப் பார்க்க எனக்குத் துணிவில்லாமல் போயிற்று.

வாச்சர் கம்பிக்கு அந்தப் பக்கத்துச் செடியைக் குனிந்து பார்த்தார். கிளைகள் பிய்ந்து தொங்கின. "என்னங்க இது, ஆடு மேஞ்ச மாதிரி? சாந்தி கை பட்டா இப்படியா இருக்கும்?" என்று சிரித்தேவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி விடு சாந்தி. வெளியூர்க்காரரு, ஒரு கைப்பிடி கொழுந்து. நான் பார்க்கல, போதுமா?" என்றார்.

அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். சாந்தி விடவில்லை.

"நீங்க பார்த்தீங்கண்ணே. பார்க்கலன்னு சொன்னா நான் களவெடுத்த மாதிரி ஆயிரும்."

விறுவிறுவென்று உள்ளே போனார். சட்டியில் மிச்சமிருந்த சம்பலையும் என் தட்டில் இருந்ததையும் கொண்டுவந்து, எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் கம்பிக்கு அந்தப் பக்கம் செடியின் தூரில் கொட்டினார். நெத்தலி, தேங்காய், எல்லாம் போயிற்று. "பதினாறு வருஷம் அவங்க கொழுந்தக் கிள்ளியாச்சு. என் கடையில என் கொழுந்துதான்" என்றார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது. வாச்சர் தடியைக் கம்பியில் சாய்த்து வைத்தார்.

பிறகு சாந்தி தன் செடிகளுக்கு நடுவே இறங்கினார். இரண்டு கையும் ஓடியது கண்ணுக்குத் தெரியவில்லை. நான் ஒன்றுமில்லை என்று நினைத்த செடிகளில் இருந்தே ஒரு கைப்பிடி சேர்த்துவிட்டார். மறுபடி அரிந்து, மறுபடி பிழிந்து, இரண்டு தட்டில் வைத்தார், வாச்சருக்கும் சேர்த்து. வாச்சர் ஒரு வாய் மென்றார்.

"கொஞ்சம் கசக்குதே சாந்தி."

"கசக்கும். உரம் வாங்க எங்க போறது? சாப்பிடுங்க."

சாப்பிட்டோம். உள்ளதைச் சொன்னால், கொட்டிய சம்பல்தான் கூடுதல் ருசி. அவருக்கும் அது தெரியும். வாச்சர் தட்டை வழித்துத் துடைத்தார், பிறகு மேசையில் காசை வைத்தார். "உங்கக்கிட்ட காசா?" என்று சாந்தி தள்ளினார். "காசு கொடுத்துச் சாப்பிட்டேன்னு சொன்னாத்தானே இது உன் கொழுந்துன்னு ஆபீஸ்ல நம்புவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் தடியை எடுத்துக்கொண்டு போனார்.

நீங்களும் போவதாக இருந்தால், மட்டக்களப்புப் பக்கமிருந்து வருபவர்கள் பதுளை வரைக்கும் போய் அறைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். லுணுகலை தாண்டியதும் கண்டக்டரிடம் சொல்லி இறங்குங்கள், அன்றே திரும்பிவிடலாம். கொழும்பு, பண்டாரவளைப் பக்கத்தார் பதுளையில் லுணுகலை பஸ் எடுக்க வேண்டும். ரொட்டி ஒன்று 80, சம்பல் 150. எனக்கு இரண்டு நாளுக்கும் எல்லாமாக 4,700 ரூபாய் முடிந்தது. கொட்டிய சம்பலுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன், சண்டை பிடித்துத்தான் வாங்க வைத்தேன். காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள், அட்டைக் கடிக்கு உப்பு கொண்டுபோங்கள். இனிமேல் சாந்தி உங்களைத் தனியாகக் கிள்ள விட மாட்டார், கூடவே வந்து நிற்பார். அதற்கு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

புறப்படும்போது, இதையெல்லாம் எழுதலாமா, பெயரை மாற்றிவிடவா என்று கேட்டேன். பிரச்சினை வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன்.

"எதுக்கு மாத்தணும்? சாந்தியோட கொழுந்துன்னே எழுதுங்க" என்றார். "அப்பிடிச் சொல்லத்தானே நட்டேன்."