வெறும் வயிற்றோடு வந்த பஞ்சர்க்காரர்

பஞ்சர்க்காரருக்கு ரோஷம் ஜாஸ்தி. அடுத்தவர் வாங்கித் தரும் ஒரு டீயைக்கூட ஓசியில் குடிக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர், முகம் தெரியாத ஒருவருக்குக் கடன்பட்டுப் போனார். மகள் பிறந்த அன்று மனைவிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. யாரோ எப்போதோ கொடுத்துவைத்திருந்த ரத்தம்தான் அவளைப் பிழைக்கவைத்தது. அந்த ஆளை எங்கே போய்த் தேடுவது? அன்றிலிருந்து இவரும் ரத்தம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, இவருக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை.

அதற்குள் சுகர் வந்து தொலைத்தது. மாத்திரை விழுங்குவதெல்லாம் அவருக்கு ஒரு விஷயமே இல்லை. ரத்த வங்கியில் தெரிந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்களே என்பதுதான் அவருக்குக் கவலை. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பாரா? சுகர் குறைவாகக் காட்டினால் போதும் என்று தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். ரத்தம் கொடுக்கப் போகிற அன்று காலையில் பச்சைத் தண்ணீரோடு சரி. மாத்திரையை மட்டும் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டார். "நீ குளிக்கும்போதே சாப்பிட்டேன்" என்று மனைவியிடம் வாய் கூசாமல் புளுகினார். அவளும் நம்பி, வழக்கம்போலக் கூடவே கிளம்பி வந்தாள்.

ரத்த வங்கிக் கட்டிலில் சாய்ந்தவரின் கையைப் பிடித்ததுமே சிஸ்டருக்குச் சந்தேகம் தட்டியது. கை சில்லிட்டு, வேர்த்து, நடுங்கிக்கொண்டிருந்தது.

"சாப்டீங்களா அண்ணா?"

"ம்... ஆச்சு."

சிஸ்டர் நம்பவில்லை. விரலில் குத்திச் சுகர் பார்த்தார். பார்த்த வேகத்தில் ரத்தப் பையை ஓரமாக வைத்துவிட்டார்.

"ரொம்ப இறங்கிப் போயிருக்கே!"

"குறைஞ்சா நல்லதுதானே சிஸ்டர்?" என்றார் பஞ்சர்க்காரர், ஏதோ ஜெயித்துவிட்டவர் போல.

"நல்லதா? இதுல ரத்தத்தையும் எடுத்திருந்தா இங்கயே மயங்கி விழுந்திருப்பீங்க. என்ன பண்ணிட்டு வந்தீங்க?"

மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னார். சிஸ்டர் சர்க்கரை கரைத்த தண்ணீரை நீட்டினார்.

"மாத்திரை சாப்பிடறவங்கன்னு நாங்க விரட்டறதில்லையே! சுகர் கட்டுக்குள்ள இருந்து, நல்லா சாப்பிட்டு வந்து, டாக்டரும் பாத்து சரின்னா எடுத்துக்கறோம். மறைக்கத்தான் கூடாது. இன்னிக்கு முடியாது. மொதல்ல இதைக் குடிங்க."

அவர் டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். கண் கலங்கிவிட்டது. "இன்னிக்குக் குடுக்காமலே போகணுமா?" என்றார்.

மனைவி எழுந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது.

"ஏங்க, அந்தப் புண்ணியவான் ரத்தம் குடுத்ததுல உங்களுக்குப் பொண்டாட்டி மிஞ்சினா. எனக்குப் புருஷன் மிஞ்ச வேணாமா?"

கை நடுக்கத்தில் டம்ளர் தளும்பியது. அவள் தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.