ஆற்றின் எந்தக் கரையில் பூனாகலை?

ஜெர்மனியில் ஒரு திராட்சைக் கிராமம் இருக்கிறது. அதைப் பற்றி என்னைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நேராகப் போகத் தெரியாத ஓர் ஆறு. அதன் ஒரு வளைவில், இடது கரையில் ஊர். ஊருக்குப் பின்னால் தெற்குப் பார்த்த மலை, நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற செங்குத்து. மலை முழுக்கத் திராட்சைக் கொடிகள், ரோமானியர்கள் தொடங்கி வைத்தது. பிறகு ஒரு மடத்துக்கு யாரோ நிலம் தானம் கொடுத்த பத்திரத்தில் ஊரின் பெயர் முதல்முறையாக எழுத்தில் வருகிறது. பிறகு ஒரு போரில் ஊர் எரிகிறது. பிரெஞ்சுக்காரர்கள் வருகிறார்கள், போகிறார்கள். பிரஷ்யர்கள் வருகிறார்கள், அவர்களும் போகிறார்கள். கொடி மட்டும் போகவில்லை. ஊரின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். நான் செய்த காரியம் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தால் எனக்குத்தான் வெட்கக்கேடு.

நான் அங்கே ஒரு நாளும் போனதில்லை. இவ்வளவும் எனக்குத் தெரிய வந்தது இலங்கையில், பண்டாரவளை டவுனில், ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில்.

பூனாகலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நான் வேலை பார்க்கிறேன். அம்மாக்கள் மலையில் கொழுந்து எடுக்கும்போது அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லம் என்னை எடுக்கச் சம்மதித்திருந்தது. ஒன்றரை வயதுக்காரர்களுக்குச் சோறு ஊட்டியவள் எண்பது வயதுக்காரர்களுக்கும் ஊட்டிவிடுவாள் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பேருமே துப்புவார்கள், ஆகவே அதில் தப்பில்லை. ஒரே நிபந்தனை, மொழிப் பரீட்சை பாஸாக வேண்டும். எழுத்தில் பாஸ், வாசிப்பில் பாஸ், பேச்சில் மட்டும் இரண்டு தடவை ஃபெயில். முன்னால் பரீட்சைக்காரர் உட்கார்ந்ததும் எனக்கு வாய் பூட்டிக்கொள்கிறது. தமிழில் என் வாயை யாராலும் மூட முடியாது என்பது நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள், அந்த லயம் முழுக்கத் தெரிந்த விஷயம். மூன்றாவது தடவையும் தவறினால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று இல்லத்திலிருந்து ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. இன்னொரு இடம் வரும் என்று காத்திருக்கிற பொறுமை எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. நானாகத் தேர்ந்தெடுத்த ஓர் இடத்தில் கொஞ்ச காலமாவது இருந்து பார்க்க வேண்டும் என்கிற ஆசை, வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஜெர்மன் வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில், அந்தச் செருப்புக் கடை மாடியில். சொல்லிக்கொடுத்த மிஸ் என்னைவிட நாலு வயது இளையவர், அவரும் ஜெர்மனியைக் கண்டதில்லை. ஆனால் அவரிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது. எல்லவுக்குச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு ஜெர்மன்காரர் தங்கியிருந்த அறையில் விட்டுப்போன சின்னப் புத்தகம் அது. அந்தத் திராட்சைக் கிராமத்தின் சபை தன் ஊரைப் பற்றித் தானே அச்சடித்தது. அமைவிடம், வரலாறு, ஊராட்சி என்று மூன்று பாகம், நடுநடுவே கலர்ப் படங்கள். மிஸ் மொத்த ஜெர்மனையும் எங்களுக்கு அதை வைத்தே ஓட்டினார். இறந்த காலம் பழக வேண்டுமா, வரலாற்றை எடு. வழி சொல்லப் பழக வேண்டுமா, அமைவிடம். வாக்குவாதத்துக்கு ஊராட்சி.

எங்களுக்கு அந்தக் கடைசிப் பாகத்தில்தான் உயிர். அந்த ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. அதற்குள் சொந்தமாக ஒரு சபை, சபைக்குப் பன்னிரண்டு உறுப்பினர்கள், ஜனங்களே நேராக ஓட்டுப் போட்டு எடுக்கிற ஒரு மேயர். மேயருக்குச் சம்பளம் கிடையாது. பகலில் தன் கொடிகளைப் பார்த்துவிட்டு, சாயந்திரம் வந்து ஊரைப் பார்ப்பார். ஒரு சாவியும் ஒரு திராட்சைக் குலையும் ஊரின் சின்னம். தனியாகச் செய்ய முடியாத வேலைகளுக்குப் பக்கத்து ஊர்களோடு கூடி ஒரு பெரிய சபை.

மிஸ் ஒரு ஞாயிறு எங்களை வைத்து அந்தச் சபையையே கூட்டினார். நான் மேயர். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதையில் ஒரு விளக்குப் போட வேண்டும் என்பது பிரேரணை. ஹல்துமுல்லையில் கராஜ் வைத்திருக்கிற ஒருவர் எங்களோடு படித்தார், அவர் எதிர்க்கட்சி. எழுந்து நின்று ஜெர்மனில் தொடங்கியவர் தமிழில்தான் முடித்தார்.

"செத்தவங்களுக்கு எதுக்குக்கா லைட்டு?"

"சாகாதவங்கதான் அந்தப் பாதையில போறாங்க. ஒக்காருங்க!" என்று மேயராக மேசையைத் தட்டினேன்.

அரை மணி நேரம் சண்டை. செருப்புக் கடைக்காரர் படியேறி வந்து என்ன பிரச்சினை என்று விசாரித்துவிட்டுப் போனார். கடைசியில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் விளக்கு வென்றது. கராஜ்காரர் அடுத்த ஞாயிறு வரை என்னோடு பேசவில்லை. இத்தனையும் நாங்கள் யாரும் கண்டே இராத ஒரு பாதைக்காக. எனக்கென்றால் பஸ்ஸில் வீடு வரும்வரை ஒரே குஷி. மேயராக இருப்பது எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

வீட்டில் அம்மாவுக்குப் படங்களைக் காட்டினேன். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். கொடி வரிசைகள் மலையுச்சியிலிருந்து நேர் கீழாக இறங்குகிற படத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"எவன்டி இப்பிடி வரிசை புடிச்சான்? மழை பேஞ்சா மண்ணு பூராவும் ஆத்துக்குல்ல போகும். தண்ணி ஓடக் குறுக்கால கான் வெட்டலையா?"

"ரோமாபுரிக்காரங்க காலத்துல இருந்தே அங்க கொடி இருக்கும்மா."

"அப்ப இருந்து ஒரு தொரைக்கும் கண்ணு தெரியலையாக்கும்."

தொரை என்றால் தோட்டத்து மானேஜர். அங்கே தொரை கிடையாது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தக் கொடி என்றேன். அம்மா நம்பவில்லை. வருடத்துக்கு ஒரு பெண்ணுக்குத் திராட்சை ராணி என்று முடிசூட்டுவார்கள் என்றேன். "அவ ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுப்பா?" என்று கேட்டார். எடுக்க மாட்டாள், சிரித்துக்கொண்டு நிற்பாள் என்றேன். "அப்ப ராணிதான்" என்று ஒத்துக்கொண்டார். ஒரு படத்தை மட்டும் வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஆறு பெருகி வந்த ஒவ்வொரு தடவையும் தண்ணீர் எந்த உயரத்துக்கு ஏறியது என்று ஒரு வீட்டுச் சுவரில் கோடு போட்டு வருடத்தையும் எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கம் வருவது மண்சரிவு. கோடு போடுவதற்குச் சுவர் மிஞ்சுவதில்லை.

பரீட்சை கொழும்பில். முதல் நாளே போய் ஒரு தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையில் நாலு தடவை முகம் கழுவிக்கொண்டு போனேன். அறையில் இரண்டு பேர். கண்ணாடி போட்ட ஒரு ஜெர்மன் அம்மா கேள்வி கேட்பவர், பக்கத்தில் ஒருவர் மதிப்பெண் போடுபவர். மேசையில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான் எடுத்த அட்டையில் இருந்தது: நான் வாழும் ஊர்.

வாய் பூட்டிக்கொள்ளவில்லை. அதுதான் வினை. "எங்கள் ஊர் ஆற்றின் இடது கரையில் இருக்கிறது" என்று தொடங்கியவள் நிற்கவே இல்லை. ரோமானியர்கள், மடம், பத்திரம், எரிந்தது, பிரெஞ்சுக்காரர்கள், பன்னிரண்டு உறுப்பினர்கள். எங்கள் மேயர் சம்பளம் வாங்காதவர் என்று பெருமையாகச் சொல்லி முடித்தேன். அப்படி ஒரு ஜெர்மன் என் வாயிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். இதற்கு மேல் நாங்கள் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"மிக நன்றாகப் பேசுகிறீர்கள். அங்கே எவ்வளவு காலமாக வசிக்கிறீர்கள்?"

"பிறந்ததிலிருந்து."

"உங்கள் படிவத்தில் பூனாகலை என்று எழுதியிருக்கிறதே. பூனாகலை அந்த ஆற்றின் எந்தக் கரையில்?"

அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது. மதிப்பெண் போடுபவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. மூன்று வருடப் படிப்பு, அந்த இல்லம், அந்த இடம் எல்லாம் போனது என்று நினைத்தேன். அடுத்ததாகக் கோபம் வந்தது. கோபம் எனக்கு எப்போதும் கெடுதல்தான் செய்திருக்கிறது. அன்றைக்கு ஒரு நாள் நன்மை செய்தது.

"பூனாகலையில் ஆறு இல்லை, மலை இருக்கிறது. அதுவும் தெற்குப் பார்த்த மலைதான்" என்றேன்.

"சொல்லுங்கள்."

வாக்கியங்கள் கையில் இருந்தன. திராட்சையை எடுத்துவிட்டுத் தேயிலையை வைத்தேன். மலை செங்குத்து என்பதால் கையால்தான் அறுவடை. பெண்கள் முதுகில் கூடையோடு ஏறுகிறார்கள். காலையில் பனிமூட்டம், பத்து மணிக்கு மேல் வெயில். வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஆண்டார்கள், போனார்கள்.

"தேயிலையை யார் நட்டார்கள்?"

"ஆங்கிலேயர்கள் நட்டார்கள்" என்றேன். சொன்னதும் எனக்கே பிடிக்கவில்லை. "இல்லை. நடு என்று சொன்னது ஆங்கிலேயர்கள். நட்டது நாங்கள்."

பாதியில் திருத்தினால் மதிப்பெண் குறையும் என்று மிஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். குறைந்தால் குறையட்டும் என்று விட்டேன்.

"ஊரின் பெயர் முதலில் எதில் எழுதப்பட்டது?"

"தெரியாது. தேயிலைப் பெட்டியின் மேலே என்று நினைக்கிறேன்."

"மேயர் யார்?"

"மேயர் இல்லை. மானேஜர் இருக்கிறார்."

"அவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?"

"கம்பெனி."

"சபை?"

சபை உண்டு. பிரதேச சபைக்கு நாங்களும் ஓட்டுப் போடுகிறோம். ஆனால் நெடுங்காலம் அந்தச் சபை ரோட்டுக்குப் போடுகிற கல்லும் மண்ணும் தோட்டத்து எல்லை வரைக்கும்தான் வரும், உள்ளே கம்பெனி நிலம் என்று நின்றுவிடும். இப்போது சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். உள்ளேயும் வேலை செய்யலாம் என்கிறது சட்டம், எங்கள் ரோடுதான் இன்னும் அந்தச் சட்டத்தைப் படிக்கவில்லை. இதையெல்லாம் சொல்ல என்னிடம் ஜெர்மன் இல்லை. "சபை டவுனில் இருக்கிறது. ரோடு மிகவும் மோசம்" என்று சுருக்கினேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீங்கள் அங்கே மேயரானால் முதலில் என்ன செய்வீர்கள்?"

அதற்குப் புத்தகத்தில் வாக்கியம் இல்லை. எங்கள் லயத்தில் ஒரு கதவிலும் இலக்கம் இல்லை. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அங்கிருந்து கை மாறிக் கை மாறி ஒரு நாள் வீட்டுக்கு வரும், வராமலும் போகும். ஆம்புலன்ஸுக்கு வழி சொல்வதென்றால் கொய்யா மரம், தண்ணீர்த் தொட்டி, கறுப்பு நாய் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எல்லாக் கதவுக்கும் இலக்கம் போடுவேன்" என்றேன். "ஒரு டின் பெயிண்ட், ஒரு பிரஷ். இரண்டு வாரம் போதும். எனக்கும் சம்பளம் வேண்டாம்."

வினைச்சொல்லை எங்கேயோ போட்டுவிட்டேன். ஆனால் அந்த அம்மா தலையாட்டி, நேரம் முடிந்தது என்றார். வெளியே வந்து மிஸ்ஸுக்குப் போன் பண்ணினேன்.

"எதப் பத்திக்கா பேசுனீங்க?"

"ஊரைப் பத்தி மிஸ்."

"எந்த ஊரு?"

"ரெண்டு ஊரும்."



முடிவு போனுக்கு வந்தபோது நான் பிள்ளைக் காம்பராவில் ஒரு சின்னவளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாஸ். விளிம்பில் ஒட்டிக்கொண்டு பாஸ், ஆனாலும் பாஸ். நான் போட்ட சத்தத்தில் தூங்கிய பிள்ளைகள் எல்லாம் எழுந்து அழுதன. வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்படியில் இருந்தார். அதுவரை கொழும்பில் நடந்ததை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு ஆள் மாற்றி ஆள் மாற்றி நடித்தே காட்டினேன். எந்தக் கரையில் என்று அந்தப் பரீட்சைக்காரர் கேட்டதற்கு அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேயர் கேள்விக்கு நான் சொன்ன பதில் வந்தபோது சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"எல்லாக் கதவுக்குமா?"

"ஆமாம்மா."

"ரெண்டே வாரத்துல முடிச்சிருவேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அங்க எப்பப் போகணும்?"

"ரெண்டு மாசத்துல."

"அப்ப டைம் இருக்குல்ல."

இந்த வீட்டை, இந்த லயத்தை, இந்த மனுஷியை விட்டுப் போகப் போகிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருடம் போக வேண்டும் போக வேண்டும் என்று பறந்தவள் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா அழவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே போய் நின்று, லயத்தின் எந்த முனையிலிருந்து ஒன்றாம் இலக்கத்தைத் தொடங்குவது என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.